தெலுக் இந்தான்: கோபுரத்துக்கும் தேருக்கும் நடுவில்

மே 9, வெள்ளி

அறை இல்லை என்றார்கள். முன்பணம் கட்டியாகிவிட்டது, ரசீது கைப்பேசியில் இருக்கிறது. முகப்பிலிருந்த பையன் அதை வாங்கி, பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, திங்கக்கிழமை சித்ரா பௌர்ணமி. ஊர்ல ஒரு ரூம் கிடையாது" என்றான், எனக்கு ஏதோ உதவி செய்கிற தோரணையில். என் அறையில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் இறங்கியாகிவிட்டது. பாட்டி ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "உள்ள வாங்க தம்பி, பையையாவது வச்சிட்டுப் போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் பாதி வடிந்தது. மீதி, பணம் கைக்கு வந்ததும்.

நான் வந்தது சாமி கும்பிட அல்ல. படம் போடுவது என் தொழில். கிள்ளானில் உட்கார்ந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை, கல்யாணத்துக்கு அழைப்பிதழ், பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுமலர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பேரா மாநிலத்துத் தெலுக் இந்தானில் ஊர்க்காரர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு, 2026, மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு. அதற்குள் பழைய கடைவீதியைச் சுற்றிப்பார்க்க ஒரு வரைபடம் அச்சடிக்க வேண்டும், அதில் கையால் வரைந்த சின்னச் சின்னப் படங்கள் இருக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தான் என் எண்ணைக் கொடுத்தவர். கடைசியில் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் அவர் வீட்டிலேயே படுக்கை. அவர் மனைவி விரதம். ரசமும் முருங்கைக்கீரைப் பொரியலும் அப்பளமும் போட்டுவிட்டு, "மீன் இல்லைன்னு மனசுல வைக்காதீங்க" என்றார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 10, சனி

காலை ஒன்பது மணிக்கே வெயில் பிடரியில் அறைகிறது. ஆற்றோர ஊர், தரை தட்டை, காற்று நகர மாட்டேன் என்கிறது.

கடைவீதியின் நடுவில் சாய்ந்த கோபுரம். 1885இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கட்டியது. உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்கு சீனக் கோபுரம்போல் இருக்கும், உள்ளே இருப்பது மூன்றே தளம். மேலே அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டி, அதற்குமேல் லண்டனில் செய்த கடிகாரம். அடியில் மண் இளக்கம், தலையில் தண்ணீர்ப் பாரம், சாயாமல் என்ன செய்யும்? நான் பார்த்தபோது அதன் முன்னால் ஒரு சீனக் குடும்பம் கையை நீட்டி, கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று எதிரே இளநீர் விற்பவர் மலாய் மொழியில் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். கூலி கிடையாது. இளநீர் ஐந்து வெள்ளி (ரிங்கிட்).

குழுவைப் பார்த்தது ஒரு கோப்பிக்கடையில். தலைவர் மருந்துக்கடை வைத்திருந்த சீனப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். அப்புறம் அரசு வேலையில் இருக்கும் ஒரு புவான் (மலாயில் அம்மையார்), டிரோன் வைத்திருக்கும் ஓர் இளைஞன், நம் ஆசிரியர், தங்கும்விடுதிக்காரர் ஒருவர். (என் அறையை விற்றவர் அல்ல. முதல் வேலையாகக் கேட்டுவிட்டேன்.) மேசைமேல் வரைபடத்தின் முதல் வடிவம். கோபுரம் நடுவில், ஆற்றுப்படித்துறை, பழைய அரசுக் கட்டடங்கள், சீனக் கோயில், பள்ளிவாசல், இரண்டு கோப்பிக்கடை, சுவரோவியத்துக்கு என்று குறித்த ஒரு சந்து. பார்க்க நன்றாகவே இருந்தது. புவான் ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக் கோப்பில் கோத்து வைத்திருந்தார். இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரு சுவரில் பூனைப் படம் போடுவதற்குள் சுவருக்குச் சொந்தக்காரர், வாடகைக்காரர், நகராண்மைக் கழகம், பக்கத்துக் கடைக்காரர் என்று நான்கு இடத்தில் தலையாட்ட வேண்டும்.

டிரோன் தம்பி சுவரோவியத்தைப் பற்றிப் பேசிப் பேசி ஓயவில்லை. பினாங்கு, பினாங்கு என்றான். அங்கே உள்ள ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மறுவருடம் திங்க் சிட்டி என்ற நகரப் புதுப்பிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கச் சின்னச் சின்ன மானியங்கள் கொடுத்தார்கள். 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்கு எர்னஸ்ட் சக்கரெவிச் என்ற லித்துவேனியக்காரர் ஆர்மேனியன் தெருவில் இரண்டு பிள்ளைகளை நிஜ சைக்கிளில் ஏற்றிச் சுவரில் விட்டார். அதன்பிறகு நாட்டில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் சுவரில் ஒரு பிள்ளை சைக்கிள் மிதிக்கிறது, ஊஞ்சலாடுகிறது, பலூன் பிடிக்கிறது. அந்தப் பிள்ளைகளை வரைந்து நானும் சம்பாதித்திருக்கிறேன், அதனால் பழிக்கவில்லை. ஆனால் ஜார்ஜ் டவுனில் படத்துக்கு முன்னால் நடந்த வேலை எத்தனையோ, படத்துக்குப் பின்னால் ஏறிய வாடகை எவ்வளவோ, அந்தக் கணக்கை யாரும் சுவரில் எழுதுவதில்லை. தாத்தா காலத்திலிருந்து அங்கேயே கடை வைத்திருந்தவர்கள் பூட்டிக்கொண்டு போன இடத்தில் இப்போது கேக் விற்கிறார்கள். இதைச் சொன்னேன். மருந்துக்கடைப் பெரியவர் சிரித்தார். "இங்கே வாடகை ஏறினால் நான் கேக் வாங்கித் தருகிறேன். பாதிக் கடை மூடித்தான் கிடக்கிறது." அதுவும் சரிதான்.

மத்தியானம் சீ சியோங் ஃபன். இந்த ஊரில் அது வேறு தினுசு. குழம்பு ஊற்றி நனைக்க மாட்டார்கள். கடைக்காரம்மா அரிசிமாவுத் தாளைத் தட்டில் விரித்து, பொடியாக வதக்கிய செங்குவாங் கிழங்கும் காய்ந்த இறாலும் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, கத்தரிக்கோலால் நறுக்கினார். மேலே பொரித்த சின்ன வெங்காயம், ஓரத்தில் ஊறுகாய்ப் பச்சை மிளகாய். நான்கு வெள்ளி. என் முன்னால் நின்றவர் இருபது பொட்டலம் கேட்டார். அம்மா நிமிர்ந்து, "ஈப்போவுக்கா, கோலாலம்பூருக்கா?" என்றார். கோலாலம்பூர் என்றதும் வெங்காயத்தைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார், போய்ச் சேர்வதற்குள் நமத்துவிடுமாம். சுற்றுலாவுக்கு வழிகாட்டுவது என்றால் இதைவிட வேறென்ன? வரைபடத்தில் இந்தக் கடை இல்லை. நாளைக்கு எதிர்க்கடைக்காரர் சண்டைக்கு வருவார், அதனால் தள்ளுவண்டி எதையும் போடுவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அந்த நாற்றத்துக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். விரதம்.

மே 11, ஞாயிறு

காலையில் ஊரே மாறிவிட்டது. நேற்று மூடிக் கிடந்த கடைகளுக்கு முன்னால்கூட ஐந்தடிப் பாதையில் மேசை போட்டுவிட்டார்கள். வளையல், பித்தளைச் சொம்பு, முறுக்கு, பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் வேட்டி. சாலையோரம் கம்பு நட்டுத் தண்ணீர்ப் பந்தல். ஒரு பந்தலுக்கு லாரி ஓட்டுநர்கள், இன்னொன்றுக்கு ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள், மூன்றாவதற்கு ஒரு சீன டயர்க்கடைக்காரர். யாரும் யாரிடமும் சம்மதக் கடிதம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருப்பார்கள், ஆனால் அதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எந்த முனை யாருக்கு என்பது அப்பா காலத்திலேயே முடிவாகிவிட்டது.

பூக்கட்டும் அக்கா ஒருவரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரைபடத்துக்கு ஒரு மாலை வரையலாம் என்று ஆரம்பித்தது, அப்புறம் பேச்சில் நேரம் போய்விட்டது. கால் கட்டைவிரலில் வாழைநாரை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். இடது கை இரண்டு பூவை எதிரெதிராக வைக்கிறது, வலது கை சுற்றி ஒரு முடிச்சு. கண் என்மேல் இருக்கிறது, வாய் பேசுகிறது, கை நிற்பதில்லை. "பூ கேமரன் மலைலேர்ந்து வருது. சாமந்தி சாதா நாளுக்கு ஒரு விலை, இன்னிக்குக் கேக்காதீங்க, அழுதுருவேன்." தேருக்குப் போடும் ஆள் உயர மாலைக்கு ஒப்பந்தம் தனி. மகள் கணினியில் பட்டம் வாங்கி ஷா ஆலாமில் வேலையாம், ஆனாலும் வருடம் தவறாமல் இந்த மூன்று நாள் லீவு போட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்துவிடுகிறாள். அந்தப் பெண்தான் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் ஆர்டர் குறித்துக்கொண்டிருந்தது. கிள்ளான், பினாங்கு, ஜொகூர் என்று முன்பதிவு. "படைப்புப் பொருளாதாரம்" என்று நேற்று டிரோன் தம்பி மூச்சுக்கு மூச்சு சொன்னானே, அது இங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் இதுவும் இல்லை.

பிற்பகல் ஆசிரியர் தன் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். இந்த வட்டாரத்தில் பெரிய பெயர் ஜெண்டராத்தா. 1906இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர் பால்மரத்துக்காக (ரப்பர்) தொடங்கிய தோட்டம், இன்றும் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான். ஆசிரியரின் தோட்டம் அப்படி நிலைத்ததல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் அதுவும் கைமாறியது. லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை. ஒரு மாரியம்மன் கோயிலும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மேடையும்தான் மிச்சம். கோயில் மட்டும் புதுசாகச் சாயம் அடித்துப் பளபளவென்று இருந்தது. வாசலில் தாமான்களிலிருந்து வந்த பத்துப்பதினைந்து கார்கள். நாளைக்குத் தூக்கப்போகும் காவடியை ஒரு பையன் அங்கே வைத்து மயிலிறகு செருகிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து சுபாங் ஜெயாவில் இருக்கிறானாம். தோட்டம் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை.

ஆசிரியர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஒரு கதை சொன்னார். 1960இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி போடட்டும், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். ஆசிரியரின் அப்பா வெட்டுக்காசில் பத்து வெள்ளியை எடுத்துவைத்தால் அந்த மாதம் வீட்டில் கோழி கிடையாது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியதும், அதுவரை பார்த்தே இராத அந்தத் தோட்டத்தைப் பற்றி அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாராம். "பத்து பத்து வெள்ளியா போட்டுத் தோட்டமே வாங்கின ஆளுங்க நாம. இப்ப ஒரு மேப் அச்சடிக்க ஸ்பான்சரைத் தேடி நாலு மாசமா அலையிறோம்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது மழை. சாதாரண மழை இல்லை, துடைப்பான் வேகத்தை எவ்வளவு ஏற்றியும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அரைமணி நேரம் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ஒதுங்கினோம். மீ ரெபுஸ் என்ற குழம்பு நூடுல்ஸ் ஏழு வெள்ளி, குழம்பு இனிப்புத் தூக்கல், எனக்குப் பிடித்தது. ஆசிரியர் தே-ஓவோடு (பால் இல்லாத தேநீர்) நிறுத்திக்கொண்டார். கடை முதலாளி எங்கள் மேசைக்கு வந்து, நாளைக்கு எந்தத் தெரு அடைக்கிறார்கள், வண்டியை எங்கே விடுவது என்று கடைச் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நான் இதுவரை பார்த்த தெலுக் இந்தான் வரைபடங்களிலேயே உபயோகமானது அதுதான்.

மே 12, திங்கள்

விசாக தின விடுமுறையும் சேர்ந்துகொண்டது. நாலரை மணிக்கு எழுப்பிவிட்டார்கள்.

நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் செட்டியார்கள் கட்டியது. வட்டித் தொழிலுக்கு வந்தவர்கள், பால்மரம் நட முன்பணம் கொடுத்தவர்கள், போன ஊரிலெல்லாம் கையில் வேலோடு ஒரு முருகனை வைத்தார்கள். பினாங்கு, ஈப்போ, மூவார், இங்கே. பணம் போட்டவர்கள் கோயில் கட்டினார்கள், பால் வெட்டியவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள் என்று ஒரே வரியில் சொல்லலாம், ஆனால் இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யார் யாருடைய பேரன் என்று பிரிக்க முடியாது. பால்குடம் வெளிச்சம் வருவதற்கு முன்பே வர ஆரம்பித்தது. பிறகு காவடி. உறுமி மேளம் ஒரு பக்கம், பெரிய ஒலிபெருக்கி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

பத்து மணிக்குத் தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கியது. டயர்க்கடைச் சீனர் கார் கழுவும் குழாயைப் பிடித்துக்கொண்டு, காவடி வரும் பாதையில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். அவருடைய மகன் மோர்த் தம்ளரை நீட்டி, "ஆன்ட்டி, மோர், மோர்" என்று சுத்தமாகச் சொன்னான். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் தொலைந்துபோன குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றிருந்தார், அம்மாவின் கண்ணில் படட்டும் என்று. பட்டது. அந்த அம்மா முதலில் குழந்தையை அடித்துவிட்டு அப்புறம்தான் போலீஸ்காரருக்கு நன்றி சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பணம் என்ற பேச்சே இல்லை. சாம்பார் சாதம், தயிர் சாதம், சுண்டல், சர்க்கரைப் பொங்கல், மறுபடி சுண்டல். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்துத் தட்டைத் திணிக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கியது ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு மட்டும். கோயில் வாசலில் விட்ட என் செருப்பு கிடைக்கவில்லை, ஆயிரக்கணக்கான செருப்பில் அதைத் தேடுவதைவிட வாங்குவது சுலபம். கடையில் கூட்டம். என்னைப் போல வெறுங்காலில் நின்றவர்கள் பலர். ஏழு வெள்ளி. கடைக்கார அம்மாள் ஒவ்வொரு வருடமும் இந்த நாளுக்கென்றே மூட்டை மூட்டையாகச் செருப்பு இறக்குவதாகச் சொன்னார்.

குழு ஒரு மேசை போட்டிருந்தது, கோபுரத்தடியில். பின்னால் பெரிய பதாகை, ஸ்பான்சர்களின் சின்னங்கள், சாவிக்கொத்து பத்து வெள்ளி. டிரோன் தம்பியும் புவானும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அங்கே இல்லை. ஒன்றிரண்டு தெரு தள்ளி ஊரே நெரிகிறது, இங்கே ஒரு தம்பதி மட்டும் கோபுரத்தைத் தாங்கிப் படம் எடுக்கிறார்கள். புவானுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேசையைத் தூக்கிக்கொண்டு தேர்ப்பாதைக்குப் போகலாமா என்று கேட்டார். தம்பி, அனுமதி இந்த இடத்துக்குத்தான் வாங்கியிருக்கிறது என்றான். அனுமதி வாங்கியதே புவான்தான்.

எனக்கு இந்த இடத்தில்தான் ஆற்றாமை. ஆளே வராத ஊருக்கு ஆளை வரவழைப்பது எப்படி என்று குழு மாதாமாதம் கூடிப் பேசுகிறது. ஆளை வரவழைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அறங்காவலர்கள், பந்தல்காரர்கள், பூக்கார அக்கா, டயர்க்கடைக்காரர், தெருக்கணக்கு சொல்லும் மாமாக் கடை முதலாளி. அவர்களில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. ஆசிரியர் இருக்கிறார், அவரும் கூட்டக்குறிப்பு எழுதுகிறார். அரசாங்கம் பேராவுக்குப் போன வருடம், 2024, வருகை ஆண்டு கொண்டாடியது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே, தோட்டத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் சித்ரா பௌர்ணமிதோறும் ஊர் திரும்புகிறார்கள். ஒரு துண்டுப் பிரசுரம் கிடையாது, ஒரு சாவிக்கொத்து கிடையாது. அந்த வருகையை எந்தச் சுற்றுலாக் கணக்கில் எழுதுகிறார்களோ.

எல்லாம் பொன்னாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள் வடிகால் முழுக்கப் பிளாஸ்டிக் தம்ளர். கழிப்பறை போதவில்லை, பெண்கள் பாடு திண்டாட்டம். ஒலிபெருக்கிப் போட்டியில் ஒரு கைகலப்பு தயாராகி, ஒரு பாட்டி குறுக்கே போய் நின்றதால் கலைந்தது. வரைபடக் குழுவிடம் இருக்கிற ஒழுங்கு, கோப்பு, சம்மதக் கடிதம், நகராண்மைக் கழகத்தோடு உள்ள பேச்சுவார்த்தை, இதெல்லாம் இங்கேதான் வேண்டும்.

இருட்டியதும் தேர். விளக்கு அலங்காரத்தோடு மெதுவாக நகர்கிறது. தெரு மின்கம்பி தாழ்ந்த இடத்தில் இரண்டு பேர் மேலே ஏறி நீண்ட கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, கீழே இருப்பவர்கள் "மெல்ல, மெல்ல" என்று கத்த, தேர் குனியாமல் நுழைந்து போகிறது. ஆள் உயர மாலை அசைந்தது. நேற்று பார்த்த முடிச்சுகள். மருந்துக்கடைப் பெரியவர் தன் பழைய கடை வாசலில் ஒரு மேசைமேல் தேங்காயும் பழமும் ஊதுவத்தியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேர் நின்றது, அர்ச்சனை வாங்கிக்கொண்டார், நெற்றியில் திருநீறு. அப்பா காலத்திலிருந்து இது நடக்கிறதாம். "இதை ஏன் வரைபடத்தில் போடவில்லை?" என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இது சுற்றுலா இல்லையே, சாமி வருகிறது."

மே 13, செவ்வாய்

கால் இரண்டும் கொப்புளம். புது ரப்பர்ச் செருப்பின் உபயம்.

கிளம்புவதற்கு முன் கோப்பிக்கடையில் கடைசிக் கூட்டம். தேர்ப்பாதையை வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட வேண்டும், பூக்கடை வரிசையைச் சேர்க்க வேண்டும், தள்ளுவண்டிகளைப் பெயர் போடாமல் சாப்பாட்டுத் தெரு என்று குறிக்கலாம் என்றேன். கோயில் ஆட்களில் ஒருவரையும் பந்தல்காரர் ஒருவரையும் குழுவில் சேர்க்கச் சொன்னேன். சுவரோவியத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை, அது எப்படியும் வரும். புவான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விடுதிக்காரர், தேர் வருடத்துக்கு ஒரு தடவைதானே, மற்ற நாள் வருகிறவன் சிவப்புக் கோட்டைப் பார்த்து என்ன செய்வான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பூக்கடை எல்லா நாளும் இருக்கிறது என்றார் ஆசிரியர். அதோடு அந்தப் பேச்சு நின்றது. முடிவு அடுத்த கூட்டத்தில்.

பிறகு என் கூலி. தலைவர், "ஊருக்கான சேவை, பெயரைப் பெரிதாகப் போடுகிறோம்" என்று தொடங்கினார். படம் ஒன்றுக்கு எண்பது வெள்ளி, பாதி முன்பணம் என்றேன். சிறிது நேரம் எல்லாரும் கோப்பியைக் கலக்கினார்கள். ஆசிரியர்தான் சட்டைப்பையிலிருந்து பத்து வெள்ளித் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, தலைவரைப் பார்த்தார். தலைவர் ஐம்பது வைத்தார். டிரோன் தம்பி கைப்பேசியில் அனுப்புவதாகச் சொன்னான், இதை எழுதும்வரை வரவில்லை. முன்பணத்துக்கு இன்னும் நூற்றெண்பது குறைகிறது. சபாக் பெர்ணம் தாண்டும்போது புவானிடமிருந்து தகவல், சிவப்புக் கோட்டுக்குத் தனிக் காசு உண்டா என்று. இல்லை என்று பதில் போட்டேன்.